ட்ரையர் வாயில் 95 பாகை: கட்டுப்பாட்டு வளையம் எப்படி வேலை செய்கிறது

தேயிலைத் தொழிற்சாலையில் இலையைக் காயவைக்கும் ட்ரையருக்குள் போகிற காற்று 95 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய தொழிற்சாலைகளில் இதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். கண் வெப்பமானியில் இருக்கும். 98 ஆனால் குளிர்காற்றுக் கதவைக் கொஞ்சம் திறப்பார். 91க்கு இறங்கினால் அதை மூடிவிட்டு, அடுப்புக்காரரிடம் விறகு போடச் சொல்லிக் குரல் கொடுப்பார். பிறகு மறுபடி வெப்பமானியைப் பார்ப்பார். பார்ப்பது, இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மனக்கணக்குப் போடுவது, கையால் ஒன்றை அசைப்பது, அசைத்ததற்கு என்ன நடந்தது என்று திரும்பவும் பார்ப்பது. இந்தச் சுற்றுக்குத்தான் கட்டுப்பாட்டு வளையம் என்று பெயர். கடைசியில் வருகிற அந்தத் 'திரும்பப் பார்ப்பது' பின்னூட்டல். அது இல்லாவிட்டால் வளையம் மூடாது.

பெனலில் பூட்டியிருக்கிற கொன்ட்ரோலர் செய்வதும் இதே வேலைதான். ஆனால் அந்த ஆளுக்கு விறகு ஈரமா காய்ந்ததா என்று தெரியும், இன்றைக்குக் கொழுந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியும், ட்ரையர் வாயில் வருகிற மணத்தை வைத்தே தூள் கருகுகிறதா என்று சொல்லிவிடுவார். கொன்ட்ரோலருக்குக் கொடுக்கப்படுவது ஒரே ஓர் எண். அந்த எண் பொய்யென்றால், அது எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியாக இருந்தாலும் பொய்யை நம்பித்தான் வேலை செய்யும். வளையம் சரியில்லை என்று எல்லோரும் முதலில் கைவைப்பது செட்டிங்கில். கோளாறு பெரும்பாலும் இருப்பது வெளியே, அடுப்படியிலும் வயரிலும்.

ஏன் 95? ஓர்தொடொக்ஸ் தேயிலைக்கு, சங்கிலித் தட்டு ஓடுகிற ட்ரையரில், உள்ளே போகும் காற்று சுமார் 90 முதல் 96 பாகை, வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை, இலை உள்ளே இருப்பது சுமார் 20 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. வெளியே வரும்போது தூளில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் நொதிகள் சாகாமல் புளித்தல் ட்ரையருக்குள்ளும் தொடரும். தேநீர் அவிந்த சுவை அடிக்கும். சூடு கூடினால் இலையின் மேற்பரப்பு மட்டும் கெட்டியாகக் காய்ந்து, ஈரம் உள்ளே சிறைப்படும். அந்தத் தூள் பெட்டிக்குள் கொஞ்ச நாளிலேயே கெட்டுப்போகும். இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறபடியால்தான் நடுவில் நிறுத்த ஒரு வளையம் தேவைப்படுகிறது.

வளையத்தின் உறுப்புகள்

முதலில் சென்சர். ட்ரையர்களில் அதிகம் காண்பது பி.டி. 100 எனப்படும் பிளாட்டினத் தடை. 0 பாகையில் அதன் தடை 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 ஓம் கூடும். இந்தச் சின்ன எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் உதவும். சென்சர் நேராகக் காற்றில் தொங்காது. உலோக உறை ஒன்றுக்குள் இருக்கும்.

அடுத்து ட்ரான்ஸ்மிட்டர். அது தடையைப் படித்து 4 முதல் 20 மில்லியம்பியர் மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது. வீச்சு 0 முதல் 150 பாகை என்று அமைத்திருந்தால் 0 பாகைக்கு 4, 75 பாகைக்கு 12, 150 பாகைக்கு 20. நம்முடைய 95 பாகைக்கு 4 + 16 × 95 ÷ 150, அதாவது 14.13 மில்லியம்பியர். பூச்சியத்துக்கு ஏன் 0 வைக்காமல் 4 வைத்தார்கள் என்று கேட்கலாம். வயர் அறுந்தால் மின்னோட்டம் 0. உண்மையான பூச்சியம் என்றால் 4. இரண்டும் வேறு வேறு என்பதால் 'சூடு இல்லை' என்பதையும் 'வயர் இல்லை' என்பதையும் கொன்ட்ரோலர் பிரித்துப் பார்க்க முடிகிறது. வோல்ற்றளவாக அனுப்பியிருந்தால் நீண்ட வயரில் வழியிலேயே கொஞ்சம் குறைந்துபோகும். மின்னோட்டம் அப்படியில்லை, வளையத்தில் எங்கே அளந்தாலும் ஒரே அளவு.

மூன்றாவது கொன்ட்ரோலர். இலக்கிலிருந்து அளவீட்டைக் கழித்து வருகிற வித்தியாசத்தைப் பிழை என்கிறோம். அந்தப் பிழையை வைத்து 0 முதல் 100 சதவீதம் வரை ஒரு வெளியீட்டைக் கணக்கிட்டு அனுப்புகிறது.

நான்காவது, அசைகிற பொருள். விறகு எரியும் காற்றுச் சூடேற்றியில் இப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று, புகைக்கூண்டுப் பக்கம் இருந்து அடுப்பை இழுக்கும் உறிஞ்சு விசிறி; அதன் வேகத்தை இன்வர்ட்டர் மாற்றுகிறது. வேகம் கூடினால் நெருப்பு கூடும், ஆனால் குழாய்கள் சூடாகி அந்தச் சூடு காற்றுக்கு ஏறச் சில நிமிடங்களாகும். மற்றது, சூடான காற்றோடு வெளிக்காற்றைக் கலக்கும் டேம்பர் என்ற கதவு. அதைத் திறந்தால் சில செக்கன்களிலேயே சூடு இறங்கும்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தொடக்கக்காரர்கள் தடுமாறுகிற ஒரு விஷயம் தெளிவாகும். சூடு குறைந்தால் விசிறியின் வேகம் கூட வேண்டும். அளவீடு இறங்க வெளியீடு ஏறுகிறது. இது எதிர்ச் செயல். டேம்பருக்கு அப்படியல்ல. சூடு கூடினால் டேம்பரும் கூடத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே திசை. இது நேர்ச் செயல். கொன்ட்ரோலரின் செட்டிங்கில் இது ஒரே ஓர் வரிதான், ஆனால் மாறிப் போட்டுவிட்டால் சூடு கூடக் கூட நெருப்பையும் கூட்டிக்கொண்டே போகும். புதிதாகப் பூட்டிய வளையம் ஓட்டோவில், அதாவது கொன்ட்ரோலர் தானாக ஓடும் நிலையில், போட்டவுடனே 0க்கோ 100க்கோ ஓடிவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதை.

திறந்து மூடும் கட்டுப்பாடு

லயத்துப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற மிதவை வால்வும் ஒரு வளையம்தான். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், வால்வு திறக்கும். மின்சாரம் இல்லை, செட்டிங் இல்லை. தொட்டிக்கு இது போதும். தொட்டியில் மோட்டர் இருந்து, மட்டம் தொட்டவுடன் நின்று, இறங்கியவுடன் ஓடினால்? ஆள் ஒரு வாளி மொள்ளும்போதெல்லாம் மோட்டர் ஓடி ஓடி நிற்கும். அதனால்தான் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்து நடுவில் இடைவெளி விடுகிறோம். கீழே வந்தால் ஓடு, மேலே வந்தால் நில், நடுவில் சும்மா இரு.

ட்ரையருக்கு இதை வைத்தால் சூடு 95ஐச் சுற்றி ஊஞ்சலாடும். நெருப்பை நிறுத்தினாலும் அடுப்புச் சுவரில் இருக்கிற சூடு வந்துகொண்டே இருக்கும். மறுபடி மூட்டினாலும் ஏற நேரமாகும். ஊஞ்சல் 85க்கும் 105க்கும் இடையில் ஆடினால், ஒரே தட்டில் போகிற இலையில் ஒரு பங்கு அவிந்தும் ஒரு பங்கு கருகியும் வரும். சராசரி 95தான், தூள் மட்டும் விற்காது.

பி: பிழைக்கு ஏற்ற அசைவு

ஆகவே முழுதாகத் திறந்து மூடாமல், பிழை எவ்வளவோ அவ்வளவுக்கு அசைப்போம். பிழை சிறிதென்றால் சிறிய அசைவு, பெரிதென்றால் பெரிய அசைவு. கொன்ட்ரோலர்கள் போடுகிற பி.ஐ.டி (விகிதம், தொகையீடு, வகையீடு) என்ற கணக்கில் உள்ள 'பி' இதுதான். ஒரு பாகைப் பிழைக்கு விசிறி 5 சதவீதம் மாற வேண்டும் என்று வைத்தால், அந்த 5 தான் கெயின். சில கொன்ட்ரோலர்கள் இதையே தலைகீழாகக் கேட்கும்: வெளியீடு முழுவதும் மாற எத்தனை பாகை? 100 ÷ 5, ஆக 20 பாகை. இதை விகிதப் பட்டை என்பார்கள். பட்டை சிறிதானால் கெயின் பெரிது. ஒரு கம்பனிப் பெட்டியில் எண்ணைக் கூட்டினால் வளையம் வேகமாகும், இன்னொன்றில் அதே எண்ணைக் கூட்டினால் சோம்பலாகும் என்பதற்கு இதுதான் காரணம். பெட்டியோடு வந்த கையேட்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

பி மட்டும் இருந்தால் ஒரு குறை தவறாமல் வரும். பிழை 0 ஆக இருக்கும்போது விசிறி 50 சதவீதத்தில் ஓடும்படி அமைத்திருக்கிறோம். காய்ந்த விறகில் அந்த 50 போதும், சூடு சரியாக 95. ஈர விறகு வந்துவிட்டது. 95ஐப் பிடிக்க 60 வேண்டும். அந்தக் கூடுதல் 10 எங்கிருந்து வரும்? பிழை இருந்தால்தான் வரும். ஒரு பாகைக்கு 5 சதவீதம், ஆகவே 2 பாகைப் பிழை வேண்டும். விசிறியும் சூடும் ஒன்றையொன்று சமன்செய்து ஏறத்தாழ 93இல் போய் உட்கார்ந்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 95 வராது. இது பழுதல்ல, பி என்பதன் இயல்பே அதுதான். கெயினைக் கூட்டினால் இந்த இடைவெளி குறையும், ஆனால் ஒரு எல்லைக்கு மேல் வளையம் ஆடத் தொடங்கும்.

இந்தக் குறையை வேண்டுமென்றே வைத்துக்கொள்கிற இடமும் உண்டு. லக்சபானப் பக்கம் இருப்பது போன்ற நீர்மின் நிலையங்களில் டர்பைனுக்குப் போகும் தண்ணீரைக் கவர்னர் என்ற கருவி கட்டுப்படுத்துகிறது. நாட்டின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கவர்னரின் சரிவு (வெளியீடு முழுவதும் மாற அலைவெண் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது) 4 சதவீதம் என்றால், அலைவெண் 49.9க்கு இறங்கும்போது அந்த இயந்திரம் தன் முழுக் கொள்ளளவில் 5 சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுக்கும், அதோடு நின்றுவிடும். ஒவ்வொரு இயந்திரமும் 'நானே 50க்குக் கொண்டுவருவேன்' என்று தனித்தனியாக அடம்பிடித்தால் சுமையை ஆளுக்காள் தள்ளிவிட்டு இழுபறிப்படும். பி மட்டும் இருக்கிறபடியால் எல்லா இயந்திரமும் சுமையைத் தன் அளவுக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஐ: மிச்சத்தைத் தீர்ப்பது

ட்ரையருக்கு 93 போதாது. அந்த மிச்சம் இருக்கிற வரைக்கும் வெளியீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போ, பிழை 0 ஆனால்தான் நிறுத்து என்று சொல்வது 'ஐ'. இதற்கான எண் நேரமாக இருக்கும். 4 நிமிடம் என்று போட்டால், பிழை மாறாமல் நின்றால் பி ஒரே தடவையில் கொடுத்த அசைவை ஐ 4 நிமிடத்தில் மறுபடி ஒருமுறை கொடுக்கும். எண் சிறிதானால் ஐ பலமானது. இதுவும் சில பெட்டிகளில் தலைகீழாக, நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று இருக்கும்.

ஐயின் பெரிய வம்பு விடியற்காலையில் தெரியும். அடுப்பு அப்போதுதான் மூட்டப்படுகிறது, காற்று 20 பாகை, இலக்கு 95. கொன்ட்ரோலர் ஓட்டோவில் கிடக்கிறது. விசிறி 100ஐத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் போக இடமில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் மூடவில்லை: பிழை இருக்கிறது, கூட்டு, கூட்டு. கெயின் 1, ஐ நேரம் 4 நிமிடம், ஒரு மணி நேரம் சராசரியாக 40 பாகைப் பிழை என்று எடுத்தால் ஐ மட்டும் 600 சதவீதத்தைச் சேர்த்துவைத்திருக்கும். இப்போது சூடு 95ஐத் தாண்டுகிறது. நெருப்பைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த 600ஐ முதலில் கரைக்க வேண்டும். 10 பாகை கூடி நின்றால் நிமிடத்துக்கு 2.5 தான் கரையும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விசிறி முழு வேகத்தில்! அதற்குள் யாராவது ஓடிவந்து மெனுவலுக்கு, அதாவது வெளியீட்டைக் கையால் வைக்கும் நிலைக்கு, மாற்றியிருப்பார்கள், 'இந்தக் கொன்ட்ரோலர் சரியில்லை' என்ற பேச்சும் வந்திருக்கும்.

இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவை வெளியீடு எல்லையைத் தொட்டதும் ஐயை நிறுத்திவைக்கும். ஆனால் கொன்ட்ரோலரில் உச்ச வரம்பு 100 என்று இருந்து, முழு வேகம் 50 ஹேர்ட்ஸாக இருக்கிற இன்வர்ட்டரில் 40 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாதபடி யாரோ வரம்பு வைத்திருந்தால், விசிறி 80 சதவீதத்திலேயே நின்றுவிட்டது என்பது கொன்ட்ரோலருக்குத் தெரியாது. 80க்கும் 100க்கும் இடையில் அது காற்றோடு பேசிக்கொண்டிருக்கும். இரண்டு வரம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுப்பு மூட்டும்போது மெனுவலில் வைத்து, 85, 90 வந்தபின் ஓட்டோவுக்கு மாற்றுவது எந்தப் பெட்டிக்கும் பொருந்துகிற பழக்கம்.

'டி' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிழை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே பிரேக் போடுவது அது. அளவீட்டில் சின்ன நடுக்கம் இருந்தாலும் அதைப் பெரிதாக்கி டேம்பரை உதறவைக்கும். தொழிற்சாலைகளில் முக்கால்வாசி வளையங்கள் பி, ஐ இரண்டோடு நன்றாகவே ஓடுகின்றன. டிக்கு 0 போட்டுத் தொடங்குங்கள்.

தாமதமும் ஒரு சிறிய பரீட்சையும்

பச்சை விறகை அடுப்பில் வைத்துவிட்டுக் கேத்தல் கொதிக்கவில்லையே என்று இன்னும் இரண்டு கட்டையைத் திணித்தால் என்ன ஆகும் என்று மலைநாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முதலில் புகை, பிறகு எல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொண்டு தண்ணீர் பொங்கி வழியும். வளையம் ஆடுவதும் இப்படித்தான். செய்ததன் பலன் தெரிய எடுக்கும் தாமதத்துக்குள் இன்னும் இன்னும் செய்துவிடுவது. பலன் தெரியத் தொடங்கும் வரையான அந்த வெற்று நேரத்தை இறந்த நேரம் என்கிறோம். ஒரு வளையம் எவ்வளவு கஷ்டமானது என்பதை இறந்த நேரம்தான் முடிவு செய்கிறது. எந்தக் கெட்டிக்காரக் கொன்ட்ரோலராலும் அதற்குள் ஒன்றும் பண்ண முடியாது.

அதை அளக்க வழி உண்டு. மெனுவலில் போடுங்கள். சூடு பத்து நிமிடமாவது அசையாமல் நிற்கட்டும். அந்த நேரத்தில் ஒரே அளவு விறகு ஒரே இடைவெளியில் விழ வேண்டும். விசிறியை 40 சதவீதத்திலிருந்து 50க்கு ஒரே அடியாக மாற்றிவிட்டு, 15 செக்கனுக்கு ஒரு தடவை சூட்டை எழுதுங்கள். ஓர் உதாரணம்: முதல் ஒரு நிமிடம் எதுவும் அசையவில்லை, அப்புறம் 88இலிருந்து ஏறி 96இல் நின்றது. இறந்த நேரம் 1 நிமிடம். 10 சதவீதத்துக்கு 8 பாகை, ஆகவே அடுப்பின் கெயின் 0.8. மொத்த ஏற்றமான 8 பாகையில் 63 சதவீதம் ஏறத்தாழ 5 பாகை. 93ஐத் தொட, அசையத் தொடங்கிய பின் 4 நிமிடம் எடுத்தது. அது நேர மாறிலி.

இனிக் கணக்கு எளிது. கொன்ட்ரோலர் கெயின் = நேர மாறிலி ÷ (அடுப்பின் கெயின் × (நாம் விரும்பும் வேகம் + இறந்த நேரம்)). நாம் விரும்பும் வேகம் அடுப்பின் வேகமே போதும், 4 நிமிடம் என்று எடுத்தால், 4 ÷ (0.8 × 5) = 1. ஒரு பாகைக்கு 1 சதவீதம். விகிதப் பட்டையாகச் சொன்னால் 100 பாகை. ஐ நேரம் நேர மாறிலிதான், 4 நிமிடம். இதோடு இலக்கை 2 பாகை மாற்றிப் பார்த்தால் பெரிய தாண்டல் இல்லாமல் போய்ச் சேரும்.

புத்தகங்களில் இன்னொரு வழி இருக்கும்: 1942இல் சீக்லர், நிக்கொல்ஸ் இருவரும் சொன்னது. வளையம் ஒரே சீராக ஆடும்வரை கெயினைக் கூட்டி, ஆட வைத்த கெயினில் 0.45 பங்கையும், ஆட்டத்தின் காலத்தை 1.2 ஆல் வகுத்து வரும் நேரத்தையும் பி, ஐக்குப் போடுவது. (அவர்கள் வேலை பார்த்த கருவிக் கம்பனியின் பெயர் டெய்லர், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) படிக்க நல்லது. ஆனால் இலை ஓடிக்கொண்டிருக்கும் ட்ரையரை வேண்டுமென்று ஆட வைப்பதில் அர்த்தமில்லை. அந்த முறையில் வரும் எண்களும் விறகடுப்புக்கு முரட்டுத்தனமானவை.

பரீட்சையை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். ஹட்டன், டிக்கோயாப் பக்கம் தென்மேல் மழைக் காலத்தில் விறகு நனைந்து கிடக்கும்; அதே 10 சதவீதத்துக்கு 8 பாகைக்குப் பதில் 4 பாகைதான் ஏறலாம். அப்போது அளந்து, கொன்ட்ரோலர் கெயினை இரண்டாக வைத்துவிட்டுப் போனால், தை மாசி வெயிலில் காய்ந்த விறகு வந்ததும் வளையம் இரட்டிப்பு வேகத்தில் அடித்து ஆடும். காய்ந்த விறகில் அளந்த எண்ணை வைத்தால் மழையில் கொஞ்சம் சோம்பல்படும், அவ்வளவுதான். சோம்பலைச் சகித்துக்கொள்ளலாம்.

ஆடுகிற வளையத்தை எப்படிப் பார்ப்பது

சூடு ஏறி இறங்கி ஆடுகிறது. முதல் வேலை, மெனுவலுக்கு மாற்றி வெளியீட்டை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வளையத்துக்குள் இருக்கிறான். நிற்கவில்லையென்றால் வெளியே: பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடுப்புக் கதவைத் திறந்து ஒரே அடியாக ஆறு கட்டை போடுவது, அப்போது உள்ளே புகும் குளிர்காற்று. அதற்குச் செட்டிங்கை மாற்றிப் பயனில்லை. கட்டையைச் சிறிதாக வெட்டி, ஐந்து நிமிடத்துக்கு மூன்றாகப் போடச் சொன்னால் போதும்.

வளையத்துக்குள் என்றால், பி, ஐயைத் தொடுமுன் டேம்பரடிக்குப் போங்கள். தண்டில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு, சட்டத்தில் ஒரு கோடு. மெனுவலில் 50, 51, 52 என்று ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். கோடு அசையாமல் இருந்து 54இல் திடீரென்று தாவினால் தண்டு இறுகியிருக்கிறது: தூசியும் துருவும். இனி இறக்குங்கள். 51 வரும்வரை திரும்பவில்லையென்றால் இணைப்புக் கம்பியின் முனைகளில் தளர்வு. இப்படி ஒட்டிக்கொள்ளும் டேம்பரில் கொன்ட்ரோலரின் வெளியீடு வாள்பல் மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும், சூடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். கெயினைக் குறைத்தால் ஆட்டம் மெதுவாகும், நிற்காது. கிரீசும் புது முனையும்தான் மருந்து.

சென்சர் பக்கம் வந்தால், உறையை வெளியே எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தூசி படிந்து கம்பளி போர்த்தியது போல இருந்தால் சூட்டை அது தாமதமாகத்தான் உணரும். கொன்ட்ரோலருக்கு அதுவும் இறந்த நேரத்தைப் போலவே தீங்கு செய்யும். குளிர்காற்று கலக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் வைத்திருந்தால் பாதி குளிர், பாதி சூடு என்று நடுங்கும் அளவு வரும்; நன்றாகக் கலந்தபின், காற்றை ட்ரையருக்குத் தள்ளும் விசிறியைத் தாண்டி வையுங்கள். பி.டி. 100ஐ இரண்டு வயரில் இழுத்திருந்தால் முன்பு சொன்ன 0.39 ஓமை நினையுங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 20 மீற்றர் போய் 20 மீற்றர் திரும்பினால் அதன் தடை மட்டும் கிட்டத்தட்ட 0.9 ஓம். 2 பாகைக்கு மேல் கூட்டிக் காட்டும். மூன்று வயர் போட்டால் கொன்ட்ரோலர் அதைக் கழித்துக்கொள்ளும்.

சென்சரின் வயர் அறுந்தால் அளவீடு மேலே ஓட வேண்டுமா, கீழே ஓட வேண்டுமா என்றும் கேட்கும் செட்டிங் ஒன்று உண்டு. அடுப்பைப் பொறுத்தவரை மேலேதான் ஓட வேண்டும். 'சூடு அதிகம்' என்று நம்பி விசிறியைக் குறைக்கும். கீழே ஓடினால் 'குளிர்ந்துவிட்டது' என்று முழு நெருப்பையும் ஏற்றும். ட்ரையருக்குள் காய்ந்த தூள் தீப்பிடிக்க அது போதும். இதை நம்பியும் விடக்கூடாது. வேறு சென்சரோடு, வேறு வயரோடு, விசிறியை நேரே நிறுத்தும் தனி உச்ச வரம்பு ஒன்று இருக்க வேண்டும். வளையம் கெடும்போது அதே வளையத்தின் சென்சரைக் காவலுக்கு வைப்பதில் பயனில்லை.

மலைநாட்டில் மட்டும் விழும் ஒரு குழி இருக்கிறது. சென்சரைச் சரிபார்க்கக் கொதிதண்ணீரில் விடுகிறார்கள். நுவரெலியாவில், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் சுமார் 96. கண்டியில் 98க்குக் கொஞ்சம் மேலே. இது தெரியாதவர் திரையில் 94ஐப் பார்த்து, 'கொதிதண்ணீர் என்றால் 100 அல்லவா' என்று 6 பாகைத் திருத்தம் போட்டுவிடுவார். அன்றிலிருந்து திரை 95 என்று காட்டும்போது ட்ரையருக்குள் போவது 89. வளையம் ஒழுங்காக, ஆடாமல், அழகாக ஓடும். தேநீர் மட்டும் அவிந்த சுவை அடிக்கும், யாருக்கும் காரணம் பிடிபடாது. நொறுக்கிய ஐசும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து வைத்தால் எந்த உயரத்திலும் 0தான். அதில் ஒரு தடவை, அந்த ஊரின் கொதிநிலை தெரிந்துகொண்டு கொதிதண்ணீரில் ஒரு தடவை.

இதே மாதிரிக் கதை கொழுந்தை வாட்டும் மாடியிலும் உண்டு. அங்கே கட்டுப்படுத்துவது சூட்டையல்ல, உலர்குமிழ் வெப்பமானிக்கும், நனைந்த திரி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசத்தை. சுமார் 4 பாகை என்று வைக்கிறார்கள். வித்தியாசம் குறைந்தால் காற்று ஈரமாக இருக்கிறது, சூடான காற்றைக் கலக்க வேண்டும். ஆடி ஆவணியில் ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில், வறண்ட காற்று அடிக்கும்போது சூடே தேவைப்படாது. அதே மாதங்களில் ஹட்டனில் வளையம் ஓயாமல் வேலை செய்யும். இப்போது ஈரக்குமிழின் திரி காய்ந்துவிட்டது என்று வையுங்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் தீர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு குமிழும் ஒரே அளவு காட்டும், வித்தியாசம் 0. 'காற்றில் ஈரம் சொட்டுகிறது' என்று முடிவு கட்டிக் கொன்ட்ரோலர் சூடான காற்றை முழுதாகத் திறக்கும். காற்று எவ்வளவு காய்ந்தாலும் வித்தியாசம் 0தான், ஆகவே மூடவே மூடாது. காலையில் கொழுந்து ஓரம் சிவந்து கிடக்கும். உலர்குமிழ் 35ஐத் தாண்டினால் மூடிவிடும் தனி வரம்பு ஒன்றும், குப்பிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற பெயரும் அங்கே இருக்க வேண்டும். திரியில் தேயிலைத் தூசி படிந்தாலும் இதே நோய் மெதுவாக வரும்; வாரத்துக்கொரு புதுத் திரி செலவல்ல.

ஒன்றுக்குள் ஒன்று

கடைசியாக, ட்ரையரில் உண்மையில் நமக்கு வேண்டியது உள்ளே போகும் சூடா, வெளியேறும் சூடா? இலை எவ்வளவு காய்ந்தது என்பதை வெளியேறும் 52 பாகைதான் சொல்லும். ஆனால் அதை வைத்து நெருப்பை நேரே ஆட்டினால் தாமதம் நீளம். அதனால் இரண்டு வளையத்தை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம். வெளிவளையம் 52ஐப் பார்த்து, 'உள்ளே 95க்குப் பதில் 94 இருக்கட்டும்' என்று இலக்கை மட்டும் மாற்றும். உள்வளையம் அந்த 94ஐப் பிடிக்கும். உள்வளையம் குறைந்தது மூன்று, நான்கு மடங்கு வேகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே உள்வளையத்தை டேம்பரில் வைப்பது நல்லது. வெளிவளையம் சொல்லக்கூடிய இலக்குக்கும் 90, 96 என்று வரம்பு போடுங்கள்.

இதைவிட மலிவான வழி பல தொழிற்சாலைகளில் நடக்கிறது: உள்ளே போகும் சூட்டை மட்டும் வளையத்தில் வைத்து, வெளியேறும் சூட்டைப் பார்த்து இலை பரப்பும் தடிப்பைக் கையால் மாற்றுவது. தடிப்பு கூடினால் வெளியேறும் சூடு இறங்கும். மோசமான முறை அல்ல, பரப்புகிறவர் வெப்பமானியைப் பார்க்கும் தூரத்தில் நின்றால்.

எந்த வளையத்தில் எதை மாற்றினாலும், மாற்றுமுன் பழைய பி, ஐ எண்களைத் திகதியோடு பெனல் கதவின் உட்பக்கத்தில் எழுதுங்கள், அன்று விறகு காய்ந்ததா நனைந்ததா என்பதையும் சேர்த்து. அடுத்த மழைக்கு வருகிறவர் அதைத்தான் தேடுவார்.